கவச உடைக்குள் ஆறு மணி நேரம்

2020 ஆகஸ்ட் 28 அன்று ஜப்பான் பிரதமர் ஷின்ஸோ அபே பதவி விலகப்போவதாக அறிவித்தார். ஊழல் புகாரோ தேர்தல் தோல்வியோ காரணமில்லை. பெருங்குடல்தான் காரணம். ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ என்கிற பெருங்குடல் புண் நோய் அவருக்கு இளம் வயதிலிருந்தே இருந்தது. 2007-ல் முதல் முறை அவர் பதவியை விட்டு இறங்கியதிலும் அந்த நோய்க்குப் பங்கு இருந்தது. பிறகு மெசாலமின் வகையில் புது மாத்திரை ஒன்று ஜப்பானுக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் 2012-ல் மறுபடி பிரதமரானார். அந்த நாட்டில் வேறு யாரும் இருந்திராத அளவுக்கு நெடுநாள் அந்த நாற்காலியில் இருந்தார். கொரோனாவுக்கு நடுவே நோய் திரும்பியது. நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கும் அதே நோய், அதே வகை மாத்திரை. பங்காருபேட்டையில் வீடு, பெங்களூருவில் லேப் டெக்னீஷியன் வேலை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஒரு பிரதமர் தன் குடலைக் காரணம் காட்டி நாட்டையே இன்னொருவர் கையில் ஒப்படைக்கலாம். ஒப்பந்தத்தில் இருக்கும் டெக்னீஷியனோ, ஸ்டாஃப் நர்ஸோ, வார்டு ஆயாவோ அதையே காரணம் காட்டி ஒரு வாரத்துக்கு வார்டு மாற்றிக் கேட்டால் அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பது சந்தேகம்.

கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. அடுத்த பெருந்தொற்றுக்கு ஆயத்தம் என்று ஆக்ஸிஜன் ஆலைகளையும் படுக்கைகளையும் வென்டிலேட்டர்களையும் கணக்கெடுக்கிறோம். அவற்றை இயக்குகிறவரின் வயிற்றையும் சிறுநீர்ப்பையையும் கணக்கெடுத்தால்தான் அது ஆயத்தம்.

நோயைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். உடம்பின் எதிர்ப்புசக்தி தன் குடலையே எதிரியாக எடுத்துக்கொண்டு தாக்குவதால் வருவது இது. பெருங்குடலின் உட்சுவரோடு நின்றால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும், குடல்சுவரின் முழுக் கனத்துக்கும் இறங்கினால் க்ரோன் நோய். 1932-ல் நியூயார்க்கில் அதை விவரித்து எழுதிய மூன்று மருத்துவர்களில் ஒருவரான பர்ரில் க்ரோனின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. வெள்ளைக்காரர்களுக்கு வரும் வியாதி என்று நம் நாட்டில் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2003-ல் வெளியான பஞ்சாப் ஆய்வு, லட்சம் பேரில் 44 பேருக்குப் பெருங்குடல் புண் நோய் இருப்பதைக் காட்டி அந்த நம்பிக்கையைக் குலைத்தது. க்ரோனின் பாடு இன்னும் சிக்கல். குடலில் வரும் காசநோயும் க்ரோனும் கொலோனோஸ்கோப்பியில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். காசநோய் மலிந்த நாட்டில் முதலில் காசநோய் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பார்கள். அது கேட்காது என்று தெரிந்துகொள்ளவே மாதங்கள் ஓடிவிடும். எங்கள் பக்கத்துக் கோலார் தங்கவயல்காரர்கள் பலர் ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சீட்டு வாங்கிய பிறகுதான் தங்கள் நோயின் சரியான பெயரைக் கேள்விப்பட்டார்கள்.

நோய் கிளம்பும் நாட்களில் பத்து, பன்னிரண்டு தடவை கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும். ரத்தம், சளி, முறுக்கிப் பிடிக்கும் வலி, போய்விட்டு வந்த பின்னும் பாக்கி இருப்பது போன்ற உணர்வு, மூட்டுவலி, ரத்தசோகை, நாலு படி ஏறினால் கண்ணை இருட்டும் களைப்பு எல்லாம் சேர்ந்து வரும். இவற்றையெல்லாம் மிஞ்சுவது அவசரம். வந்துவிட்டால் இரண்டு நிமிடம் தாங்காது. பிறகு அடங்கும், மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. அப்போது, பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்துகொண்டே கண்ணில் நீர் வரவழைக்கும் பங்காருபேட்டை பானிபூரியைக்கூட நின்று சாப்பிடலாம். (என் மருத்துவர் இதைப் படித்தால், நான் சாப்பிடவில்லை, ஊர்ப் பெருமைக்காகச் சொன்னேன்.) ஒரு நாள் காரணமே இல்லாமல் மறுபடி கிளம்பும். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. “நல்லாத்தானே இருக்கீங்க” என்பார்கள். இந்த நோயாளி வாழ்க்கையில் அதிகம் கேட்கும் வாக்கியம் அதுதான்.

இந்த உடம்போடு கவச உடைக்குள் போக வேண்டும். பி.பி.இ. கிட் என்று எல்லோரும் சொல்லிப் பழகிவிட்ட அந்த உடைக்குத் தலை முதல் கால் வரை ஒரே ஜிப். உள்ளே ஆஸ்பத்திரி உடுப்பு, மூக்கை அழுத்தும் என்-95, கண்ணாடி, அதற்கு மேல் முகத்தடுப்பு, இரண்டு ஜோடி கையுறை, காலுக்கு உறை. உள்ளே காற்று புகாது. அரை மணி நேரத்தில் முதுகில் வியர்வை வழிந்து ஷூவுக்குள் இறங்கும்.

போடுவதைவிட ஆபத்து கழற்றுவதில் இருக்கிறது. உடையின் வெளிப்புறம் முழுக்கக் கிருமி இருப்பதாக எடுத்துக்கொண்டு, வெளிக் கையுறை, உடை, காலுறை, கண்ணாடி என்று முறைப்படி ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே கையைக் கழுவி, உடையை உள்புறம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்றி, முகக்கவசத்தைக் கடைசியில் எடுக்க வேண்டும். அவசரத்தில் செய்கிற காரியமில்லை அது. கழற்றினால் அந்த கிட் குப்பைக்குப் போகும். திரும்ப வர வேண்டுமானால் புது கிட் வேண்டும். 2020 மார்ச், ஏப்ரலில் ஒரு ஷிப்டுக்கு ஒரு ஆளுக்கு ஒரு கிட் என்பதே பெரிய காரியம். அதனால் ஆறு மணி நேரம், சில இடங்களில் எட்டு மணி நேரம், தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை, கழிவறை இல்லை. நல்ல குடல் உள்ளவர்களே தவித்தார்கள். சர்க்கரை நோயாளிகளும் மாதவிடாய் நாட்களில் இருந்த பெண்களும் பட்ட பாடு தனிக் கட்டுரைக்குரியது.

குடல் நோய் உள்ளவர்கள் என்ன செய்தார்கள் என்று வெளியே யாரும் கேட்கவில்லை. தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். காலை ஷிப்ட் என்றால் முந்தின நாள் மாலையோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவது. விடியற்காலை எழுந்து இரண்டு மூன்று தடவை போய் வயிற்றைக் காலி செய்துவிட்டுக் கிளம்புவது. தண்ணீரை நாக்கு நனையும் அளவுக்கு மட்டும் குடிப்பது. பேதியை நிறுத்தும் லோபராமைட் மாத்திரை இரண்டு. மேலே பெரியவர்களுக்கான டயாபர். அதை வாங்கும்போது மருந்துக்கடைக்காரர் “வீட்ல பெரியவங்களுக்கா?” என்று கேட்டால் தலையாட்டுவது.

இதில் ஒவ்வொன்றும் நோயை வளர்க்கிற காரியம். குடல் புண்ணாகி நீரும் உப்பும் வீணாகிக்கொண்டிருக்கும் உடம்பு, தண்ணீர் குடிக்காமல் வியர்வையில் ஊறினால் சிறுநீரகம்வரை அடி விழும். பட்டினி கிடந்தால் எடையும் ரத்தமும் குறையும். கடும் வீக்கத்தில் இருக்கும் பெருங்குடலை லோபராமைட் போட்டு நிறுத்தினால் அது அசைவற்று ஊதிப்போய் வெடிக்கும் நிலைக்கு வரலாம். உயிருக்கே ஆபத்தான அவசரநிலை அது. மருத்துவம் தெரிந்தவர்களே, மருத்துவமனைக்குள்ளேயே, மருத்துவப் புத்தகம் செய்யாதே என்று சொன்னதையெல்லாம் செய்தார்கள். வேறு வழி தரப்படவில்லை.

போதாததற்கு ஹைட்ராக்ஸி குளோரோகுயின். 2020 மார்ச் கடைசியில் ஐ.சி.எம்.ஆர். என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதை மருத்துவப் பணியாளர்களுக்கு முன்தடுப்பாகப் பரிந்துரைத்தது. முதல் நாள் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு ஏழு வாரம் வாரத்துக்கு ஒன்று. அந்த மாத்திரையின் தெரிந்த பக்க விளைவுகளில் குமட்டலும் பேதியும் முன்வரிசையில் இருக்கின்றன. அது கொரோனாவைத் தடுக்காது என்று பிற்பாடு ஆய்வுகள் சொல்லிவிட்டன. அதற்குள் எத்தனை குடல்கள் அதை விழுங்கியிருக்கும்!

இன்னொரு குழப்பம். கொரோனா வைரஸ் உடம்பில் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏ.சி.இ.-2 என்ற ஏற்பி நுரையீரலில் மட்டுமல்ல, குடலிலும் ஏராளம். ஆகவே பேதியும் கொரோனாவின் அறிகுறிகளில் ஒன்றாயிற்று. கொலைட்டிஸ் உள்ள நர்ஸ் காலையில் எழுந்து ஐந்து தடவை போனால் அது நோய் கிளம்பியதா, கொரோனாவா? கொரோனா என்றால் தனிமை, ஸ்வாப், முடிவு வரும்வரை காத்திருப்பு, சிலருக்குச் சம்பளப் பிடித்தம். நோய் கிளம்பியது என்றால் ஸ்டீராய்டு. இரண்டில் எதைச் சொன்னாலும் வினை என்பதால் எதையும் சொல்லாமல் டூட்டிக்கு வந்தவர்கள் உண்டு. நோய்த் தடுப்பு என்ற கோணத்தில் பார்த்தால்கூட இதைவிட மோசமான ஏற்பாடு இருக்க முடியாது. அறிகுறியை மறைக்கத் தூண்டும் ஆஸ்பத்திரி, தொற்றைத் தானே வரவேற்று உட்காரவைக்கிறது.

ஸ்டீராய்டைப் பற்றி அந்த வசந்தத்திலேயே தெரிந்துவிட்டது. கொலைட்டிஸ், க்ரோன் ஆகிய குடல் அழற்சி நோய்கள் உள்ளவர்களில் கொரோனா வந்தவர்களின் விவரத்தை உலகெங்கும் உள்ள மருத்துவர்கள் ஒரே இடத்தில் பதியும் பதிவேடு ஒன்று 2020 மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து தொடங்கியது. ‘செக்யூர் ஐ.பி.டி.’ என்று பெயர். 33 நாடுகளிலிருந்து 525 பேரின் விவரத்தை வைத்துச் சில மாதங்களில் முதல் முடிவு வந்தது. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கொரோனா கடுமையாகும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு. விலை உயர்ந்த, எல்லோரும் பயந்த, குடல் அழற்சியை அடக்கும் டி.என்.எஃப். எதிர்ப்பு ஊசிகள் அந்த அளவுக்கு ஆபத்தானவை அல்ல. இதிலுள்ள அநீதியைக் கவனிக்க வேண்டும். ஊசிக்கு ஆயிரக்கணக்கில் செலவு. ஸ்டீராய்டு சில்லறைக் காசு. நோய் கிளம்பினால் ஒப்பந்தச் சம்பளக்காரரின் கைக்கு எட்டுவது ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டுதான். ஆக, கொரோனா வார்டில் மிகக் குறைந்த கூலிக்கு நின்றவரே மிக ஆபத்தான மருந்தில் இருந்தார்.

பிரிட்டனில் அந்த மார்ச்சிலேயே குடல் நோயாளிகளை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். ப்ரெட்னிசொலோன் 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுப்பவர்கள் முதல் அடுக்கு. வீட்டை விட்டே வெளியே வராதே என்று அரசு கடிதம் அனுப்பியது. மருத்துவமனையில் வேலை செய்பவராக இருந்தாலும் அந்தக் கடிதம் செல்லுபடி. பிரிட்டன் கொரோனாவைக் கையாண்ட விதத்தில் பெருமைப்பட அதிகமில்லை. அந்தக் கடிதம் மட்டும் நல்ல காரியம்.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 2020 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவப் பணியாளர்களைப் பற்றி ஒரு அறிவுரை வெளியிட்டது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், நோய் எதிர்ப்புசக்தி குறைந்த பணியாளர்கள் தங்கள் உடல்நிலையை நிர்வாகத்திடம் தெரிவிக்க வேண்டும். அவர்களைக் கொரோனா அல்லாத பகுதியில் மட்டும் போட வேண்டும் என்று அதில் இருந்தது. அதே மாதம் மத்திய அரசு அலுவலகங்களில் வேறு நோய்களுக்குச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, மருத்துவச் சீட்டைக் காட்டினால் முடிந்தவரை டூட்டியிலிருந்து விலக்கு என்றும் ஆணை வந்தது. தாளில் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

‘தெரிவிக்க வேண்டும்’ என்ற இடத்தில்தான் எல்லாம் கவிழ்ந்தது. தெரிவிக்கிறவர் யார், யாரிடம் தெரிவிக்கிறார்? நிரந்தர வேலையில் இருக்கும் மருத்துவர் தன் துறைத் தலைவரிடம் தெரிவிப்பது ஒன்று. ஏஜென்சி மூலம் வந்து, யார் தன் முதலாளி என்றே தெரியாமல், பதினோரு மாதத்துக்கு ஒரு முறை கையெழுத்துப் போடும் பணியாளர் தெரிவிப்பது வேறு. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் உடம்பு போகும். மாதக் கடனும் பிள்ளை ஃபீஸும் இருக்கிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? பெண்களுக்கு இன்னொரு தடை. இருதயம் என்றால் சூப்பர்வைசரிடம் சொல்லலாம். “எனக்கு மோஷன் அடக்க முடியாது சார்” என்று ஒரு ஆணிடம், நாலு பேர் நிற்கும் ரோஸ்டர் மேசை முன்னால் எப்படிச் சொல்வது?

அறிவுரை இன்னொரு விதத்திலும் குறைப்பட்டது. எதிர்ப்புசக்தி குறைவு என்ற ஒன்றை மட்டும் அது பார்த்தது. எதிர்ப்புசக்தியை அடக்கும் அசதையோப்ரின் சாப்பிடுகிறவர் அதில் வருவார். மெசாலமின் மட்டும் சாப்பிடுகிறவர் வரமாட்டார். அவருக்குத் தொற்று ஆபத்து மற்றவர்களை விட மிக அதிகமில்லாமல் இருக்கலாம். ஆனால் ஆறு மணி நேரம் அடக்கிக்கொண்டு நிற்க முடியாது. அந்தத் தேவைக்கு எந்தத் தாளிலும் பெயர் இல்லை.

தங்கவயல் பார்த்த இன்னொரு நோய்

வெளியே தெரியாத நோயோடு வேலைக்குப் போவது கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல் மண்ணுக்குப் புதிதல்ல. 1880-ல் ஜான் டெய்லர் சுரங்கக் கம்பெனி வந்தது முதல், வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் வந்த நம் பாட்டன்மார் பாறைத் தூசியை மூச்சில் இழுத்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்கத் தெம்பிருக்கும்வரை ஆள் திடகாத்திரமாகத்தான் தெரிவார். இருமலை மறைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லி எங்கள் தலைமுறை கேட்டிருக்கிறது. 1940-களில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்ததில் ஏறக்குறைய 44 சதவீதம் பேருக்குச் சிலிகோசிஸ் என்ற தூசி நுரையீரல் நோய் இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், எண்ணினார்கள், எழுதினார்கள். சிலிகோசிஸ் நஷ்டஈட்டுச் சட்டத்தில் இடம்பெற்ற நோய். எண்ணப்படும்வரை அது வெறும் இருமல்.

இன்று தங்கவயல்காரர்கள் இறங்கும் சுரங்கம் பெங்களூரு. 2001 பிப்ரவரி கடைசியில் பி.ஜி.எம்.எல். என்ற தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, 1894-ல் தங்கத்துக்காகப் போட்ட மாரிகுப்பம் – பங்காருபேட்டை கிளைப்பாதை ஆட்களை ஏற்றி இறக்கும் பாதையாகிவிட்டது. விடியற்காலை வண்டியில் சீசன் டிக்கெட்டோடு ஏறுபவர்களில் நர்ஸ், ஆஸ்பத்திரி ஆயா, ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, லேப் ஆட்கள் எத்தனையோ பேர். பங்காருபேட்டையிலிருந்து பெங்களூருவுக்கு 70 கிலோமீட்டர். குடல் நோயாளிக்குத் தூரம் கிலோமீட்டரில் இல்லை. எந்தப் பெட்டியில் கழிவறை இருக்கிறது, அதில் தண்ணீர் வருகிறதா, கூட்டத்தில் அதுவரை நகர முடியுமா என்பதில் இருக்கிறது. சீட் கிடைத்தாலும் உட்காராமல் கழிவறைக் கதவோரம் நின்றே போகிறவரைப் பார்த்தால் விறைப்பு ஆசாமி என்று நினைத்துவிட வேண்டாம்.

ஊரடங்கில் அந்த வண்டிகளும் நின்றன. கோலார் மாவட்டம் மே இரண்டாம் வாரம்வரை ஒரு தொற்றும் இல்லாத பச்சை மண்டலம். பச்சையிலிருந்து சிவப்புக்குப் போய் வேலை செய்துவிட்டுத் திரும்புகிற எங்களை ஊர் ஒரு மாதிரி பார்த்தது. பலர் பெங்களூருவிலேயே ஹாஸ்டலிலும் லாட்ஜிலும் தங்கினார்கள். எட்டுப் பேருக்கு ஒரு கழிவறை. காலை ஷிப்டுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். அங்கே கொலைட்டிஸ் உள்ளவர் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே என்ன பேச்சு எழும் என்பதை எழுத வேண்டியதில்லை.

ஊரிலேயே இருந்து வேலை பார்த்த ஆஷா சுகாதாரப் பணியாளர்களின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கப் போனவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் தரவே பல வீடுகள் தயங்கின. பொதுக் கழிவறைகள் பூட்டிக் கிடந்தன. நாள் முழுக்க வெயிலில் நடக்கிற பெண் எங்கே ஒதுங்குவார்? 2020 ஜூலையில் கர்நாடக ஆஷா பணியாளர்கள் மாதம் 12,000 ரூபாய் மதிப்பூதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கையைத் தட்டி, விளக்கேற்றிப் பாராட்டிய அதே நாட்டில்தான்.

2021 மே மாதம், இரண்டாம் அலையில், இருபது வருடமாகப் பூட்டிக் கிடந்த பி.ஜி.எம்.எல். ஆஸ்பத்திரியைத் தன்னார்வலர்கள் இரண்டே வாரத்தில் கூட்டிக் கழுவி, கொரோனா படுக்கைகள் போட்டார்கள். ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலைப் பார்த்த கட்டடம் மறுபடி நுரையீரலைப் பார்க்க வந்தது. முடியாது என்று நினைத்ததை இரண்டு வாரத்தில் முடிக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி. கிட் கழற்றும் அறைக்கு ஒட்டினாற்போல ஒரு கழிவறை கட்டுவது அதைவிடக் கடினமான வேலையா?

கழிவறையும் சட்டமும்

மனிதர் மலம் கழிக்கும் இடத்தைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை என்று முகம் சுளிப்பவர்களுக்குத் தங்கவயலில் பதில் இருக்கிறது. கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்கப் போராடி 2016-ல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன் பிறந்தது இங்கேதான். சுரங்கக் குடியிருப்புகளின் உலர் கழிப்பிடங்களைச் சுத்தம் செய்த குடும்பம் அவருடையது. தங்கம் வெட்டிய ஊரின் நடுவே இருந்த அந்த வாளிகளை அவர் ஊர் அறியச் செய்தார். நிர்வாகம் முதலில் மறுத்தது, பிறகு இறங்கி வந்தது. கழிப்பிடம் உரிமைப் பிரச்சினை என்று நாட்டுக்கே சொன்ன ஊர், அடக்கிக்கொண்டு நிற்கும் நர்ஸைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ஆலி பெய்ன் என்ற 14 வயதுப் பெண்ணுக்கு க்ரோன் நோய் இருந்தது. கடையொன்றில் ஊழியர்களின் கழிவறையைப் பயன்படுத்த அவரை விடவில்லை. அவரும் அவர் தாயும் சட்டமன்ற உறுப்பினரிடம் போனார்கள். 2005-ல் இல்லினாய் மாநிலத்தில் ‘ஆலி சட்டம்’ வந்தது. இந்த நோய் உள்ளவர் கேட்டால் கடைக்காரர் ஊழியர் கழிவறையைத் திறந்துவிட வேண்டும். பிறகு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. அது அமெரிக்கா என்று தள்ளிவிட வேண்டாம். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2018-ல் கேரளமும் 2021-ல் தமிழ்நாடும் சட்டம் திருத்தின. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் கேட்டதில் உட்காருவதற்கு முன்னால் இருந்த கோரிக்கை, கழிவறைக்குப் போக விடுங்கள் என்பதுதான். உடம்பின் சின்னத் தேவையைச் சட்டத்தில் எழுதலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தன் அட்டவணையில் 21 வகைகளைச் சொல்கிறது. தலசீமியா இருக்கிறது, ஹீமோபீலியா இருக்கிறது, பார்க்கின்சன் இருக்கிறது. குடல் அழற்சி நோய் இல்லை. ஜப்பானில் இது அரசே அடையாளம் கண்டு செலவில் பங்கேற்கும் நோய்களில் ஒன்று. பிரதமர் அபே வெளிப்படையாகச் சொல்ல முடிந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். நம் சட்டத்திலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள தேர்வர் ஒருவர் உதவி எழுத்தர் கேட்ட விகாஷ் குமார் வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: 40 சதவீத ஊனச் சான்று இருந்தால்தான் நியாயமான வசதி செய்து தருவேன் என்று அரசு சொல்லக் கூடாது, நீண்டகாலப் பாதிப்பால் மற்றவருக்குச் சமமாகப் பங்கேற்க முடியாத எவருக்கும் அந்த உரிமை உண்டு. கொரோனா இன்னும் ஓயாத காலத்துத் தீர்ப்பு. எந்த ஆஸ்பத்திரியின் டூட்டி ரோஸ்டரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். பேரிடரில் எல்லோருக்கும்தான் கஷ்டம். ஒருவரை விலக்கினால் அவர் பாரம் இன்னொருவர் தலையில் விழும். உண்மை. அதனால்தான் நாங்கள் பலர் விலக்கு கேட்கவில்லை. கூட வேலை செய்கிறவர் பன்னிரண்டு நாள் தொடர்ந்து வார்டில் நிற்கும்போது நான் வீட்டில் உட்கார்ந்தால் எனக்கே சோறு இறங்காது. நான் கேட்பது ஆறு மணி நேரத்தை நாலாக்குவது. ஸ்வாப் எடுக்கும் இடத்துக்குப் பதில் மாதிரிகளைப் பரிசோதிக்கும் இயந்திரத்தின் பக்கம் போடுவது. வேலைக்கு நான் வேண்டும், வேலை செய்யும் நிலையிலும் நான் வேண்டும் என்றால் இதைச் செய்துதான் ஆக வேண்டும். சிகிச்சை எடுக்க முடியாமல் நோய் முற்றிப் பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் பையோடு ஆறு மாதம் படுத்தால், அப்போதும் என் பாரம் இன்னொருவர் தலையில்தான் விழும்.

கிட் பற்றாக்குறை என்பதும் கொஞ்ச காலத்துக்குத்தான் செல்லுபடியான பதில். 2020 மே மாதத்திலேயே நாட்டில் நாளொன்றுக்குத் தயாரான கிட் 2 லட்சத்தைத் தாண்டியது. ஆறு மணி நேர விதி மட்டும் மாறவில்லை. பற்றாக்குறையில் பிறந்த விதி, பற்றாக்குறை தீர்ந்த பிறகும் ஒழுங்கு என்ற பெயரில் தொடர்ந்தது. நம் அலுவலக வாழ்க்கையில் இது ஒன்றும் அதிசயமில்லை. எத்தனையோ விதிகள் இப்படித்தான் வாழ்கின்றன.

கர்நாடக, தமிழக சுகாதாரத் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெருந்தொற்றுக்கான வழிகாட்டிக் குறிப்பை எழுதும்போது, பணியாளர் தன் உடல்நிலையைத் தன் மேலாளரிடம் சொல்ல வேண்டும் என்று எழுதாதீர்கள். மேலாளருக்கும் ஏஜென்சிக்கும் சம்பந்தமில்லாத ஒரு மருத்துவரிடம் சொல்லட்டும். நோயின் பெயர் அந்த அறையை விட்டு வெளியே வராமல், ‘நான்கு மணி நேர டூட்டி’ என்ற சீட்டு மட்டும் ரோஸ்டருக்கு வரட்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் யாரையும் கவச உடைக்குள் நிறுத்துவதில்லை என்றே எழுதிவிட்டால் இன்னும் நல்லது, சீட்டே தேவைப்படாது. கிட் கழற்றும் அறையோடு சேர்ந்த கழிவறை இல்லாத வார்டைத் தொற்று வார்டாக அனுமதிக்காதீர்கள்.

இதைப் படிக்கும் சிஸ்டர்களுக்கும் வார்டு அண்ணன்களுக்கும் லேப் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ரத்தம் கலந்து பேதி போகிறது, சில வாரமாக நிற்கவில்லை என்றால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ரத்தம் போகும்போது மருத்துவரைக் கேட்காமல் லோபராமைட் போடாதீர்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் விழுங்காதீர்கள், அது குடலைக் கிளப்பிவிடக்கூடும். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அடுத்தவர் சீட்டைப் பார்த்துத் தொடங்கவும் செய்யாதீர்கள். டூட்டிக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஒரு நாள் லீவு போட்டு வேலூருக்கோ பெங்களூருவுக்கோ வண்டி ஏறி, குடல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். கழிவறை உள்ள பெட்டியில் ஏறுங்கள்.